ரன்னர் கண்ணாடியில் ஏறுமா, ஏறாதா?

அரோவானா அப்பா:
நேற்று ஒரு மகான் இங்கே எழுதியிருந்தார்: "மீனுக்குத் தீனியாக ரெட் ரன்னர் கரப்பான் வளர்க்க மூடியே வேண்டாம், வழவழப்பான சுவரில் அது ஏறாது." நம்பித் தொட்டியைத் திறந்து வைத்தேன். காலையில் மிக்ஸிக்குப் பின்னால் எட்டு, பருப்பு டப்பா மேல் மூன்று. வீட்டம்மா காலையிலிருந்து பேசவில்லை. மகான் வந்து பிடித்துத் தரட்டும்.

மணலி மீன்காரன்:
எழுதியது நான்தான். மகான் பட்டமெல்லாம் வேண்டாம், 9 வருடமாக வளர்ப்பவன் என்றால் போதும். ரன்னர் ஏறாது. தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று? தீவனத் தூசி சுவரில் படிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எறும்புகூட எவரெஸ்ட் ஏறும்.

அரோவானா அப்பா:
தொட்டி புதிது. ஏறியது. கண்ணால் பார்த்தேன்.

விலங்கியல் 92:
ஒரு நிமிடம். எந்த இனம் என்று முதலில் சொல்லுங்கள். சாம்பல் நிறமா? கழுத்துத் தகட்டில் இறால் போல ஒரு குறி உண்டா? அப்படியானால் அது லாப்ஸ்டர் கரப்பான். அது கண்ணாடியில் தாராளமாக ஏறும், குஞ்சாகவே ஈனும். ரன்னர் என்பது துர்க்கிஸ்தான் கரப்பான். ஆணுக்கு மஞ்சள் சிறகு, பெண் கருப்பு. அது முட்டைக்கூடு போடும்.

மணலி மீன்காரன்:
சார், பிளஸ் டூவில் கரப்பான் வாயுறுப்பை ஸ்லைடில் ஒட்டியவர்கள் எல்லாம் வளர்ப்பாளர் ஆகிவிட முடியாது. என் தொட்டியில் கோழிமுட்டை அட்டையைத் தூக்கித் தட்டினால் மிளகு கொட்டுவது போலக் குஞ்சு உதிரும். உளுந்தைவிடப் பெரிய கருஞ்சிவப்புக் கூடு, ஒன்றுக்குள் பதினைந்து முட்டைக்குக் குறையாது. சென்னை வெயிலுக்கு ஹீட்டரும் வேண்டாம். கோழித்தீவனம், கேரட், அவ்வளவுதான். இத்தனை ஆயிரத்தில் ஒன்றுகூட ஏறியதில்லை.

நெல்லைப் பாச்சான்:
காசு கொடுத்துப் பாச்சை வாங்குகிற காலம் வந்துவிட்டது. ராத்திரி சாக்கடை மூடியைத் தூக்கினால் ஒரு வாளி கிடைக்குமே அண்ணே.

மணலி மீன்காரன்:
அதில் கார்ப்பரேஷன் மருந்து இருக்கும். தின்ற மீன் மிதக்கும். அப்புறம், பாச்சை என்றால் சில்வண்டு. கரப்பானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நெல்லைப் பாச்சான்:
அப்போது அலமாரியில் பாச்சை உருண்டை போடுவது சில்வண்டுக்கா?

மணலி மீன்காரன்:
தெரிந்துதான் பேசுகிறீர்களா? போன வருடம் உங்களிடம் வாங்கிய 200 குஞ்சில் பாதி பொட்டலத்திலேயே செத்திருந்தது. அதைப் பற்றி முதலில் பேசலாமா?

நெல்லைப் பாச்சான்:
ஒரு வருடம் கழித்தா? வாங்கிய அன்றே சொல்லியிருந்தால் திருப்பித் தந்திருப்பேன். பொட்டலத்தை நாள் முழுக்க வண்டிப் பெட்டியில் பூட்டி வைத்தது யார் என்றும் சொல்லுங்கள்.

விலங்கியல் 92:
விஷயத்துக்கு வருவோம். 1978இல் கலிபோர்னியாவில் ஒரு ராணுவக் கிடங்கில்தான் துர்க்கிஸ்தான் கரப்பானை அமெரிக்காவில் முதலில் பார்த்தார்கள். இன்று அங்கே பல இடங்களில், முன்பே இருந்த ஓரியண்டல் கரப்பான் என்ற இனத்தையே ஓரங்கட்டிவிட்டது. தப்பித்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். ஏறினாலும் ஏறாவிட்டாலும் மூடி போடுங்கள்.

அரோவானா அப்பா:
பார்த்தீர்களா? ஏறாமலா அவ்வளவு தூரம் பரவியது?

மணலி மீன்காரன்:
ஆசியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சுவர் ஏறியா போனது? ராணுவச் சாமான்களோடு போயிருக்கும். ரன்னர் ஏறாது. ஏறாது. இன்னொரு முறை வேண்டுமா?

குரோம்பேட்டை குடும்பத்தலைவி:
என் கணவர் வளர்க்க ஆரம்பித்து ஆறு மாதம். பையனுக்கு இருமல் நிற்கவில்லை. கரப்பான் எச்சமும் உரித்த தோலும் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்று டாக்டர் சொன்னார். ஏறுகிறதோ இல்லையோ, பால்கனிக்குப் போகட்டும்.

மணலி மீன்காரன்:
அக்கா, அது வேறு தலைப்பு. தனியாகக் கேளுங்கள். இங்கே பேசுவது ஏறுவதைப் பற்றி.

விலங்கியல் 92:
அரோவானா அப்பா, ஒரு படம் போடுங்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கழுத்துத் தகடு தெரிந்தால் போதும்.

அரோவானா அப்பா:
பிடித்த பதினொன்றையும் மீனுக்குப் போட்டுவிட்டேன். தொட்டியில் மிச்சம் இருந்ததை வீட்டம்மா கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட்டாள். ஆனால் ஏறியது.

மணலி மீன்காரன்:
சாட்சியை மீன் வயிற்றில் ஒளித்துவிட்டு வழக்கு நடத்துகிறார். கடைக்காரர் ரன்னர் என்று சொல்லித்தானே கொடுத்தார்?

அரோவானா அப்பா:
ஆமாம், ரன்னர்தான்.

மணலி மீன்காரன்:
அப்படியென்றால் ஏறியிருக்காது.