பெரியம்மா ஐசியூவுல: குடும்பக் குழு

மாலா: பெரியம்மாவ ஐசியூவுல சேத்தாச்சு. செப்சிஸ்ங்கறாங்க, தொற்று முத்தி உறுப்புகளே பாதிக்கற நிலையாம். வால் எலும்புகிட்ட படுக்கைப் புண், உள்ள எலும்பு தெரியுது

பாலு சித்தப்பா: என்ன!!

பாலு சித்தப்பா: வீடியோ கால்ல நல்லாத்தானே இருந்தாங்க

கீதா: அதுல முகம் மட்டும்தான் தெரியும் சித்தப்பா

சுதா அக்கா: எலும்பு தெரிஞ்சா அது நாலாம் நிலை, படுக்கைப் புண்ணுல ரொம்ப மோசமானது. தானா புரள முடியாதவங்கள 2 மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்கறதுதான் வழக்கம். காத்து மெத்தை இருந்தா இடைவெளி கொஞ்சம் கூடலாம், ஆனா எப்ப, எந்தப் பக்கம்னு எழுதியிருக்கணும். ஈர டயப்பர்லயே விட்டா தோல் ஊறிப் பிய்யும், மலக்கிருமி புண்ணுக்குள்ள போகும். முதல் நிலையில தோல் கிழியாது, அமுக்கினாலும் சிவப்பு மாறாது. நம்ம நிறத்துல அந்தச் சிவப்பே சரியாத் தெரியாது. தொட்டாதான் சூடும் கெட்டியும் தெரியும். முதியோர் ஹோம்ல யாரும் தொட்டே பாக்கல போல

முரளி: நடுவுல ஓட்டை இருக்கற ரப்பர் வளையம் வாங்கிடவா

சுதா அக்கா: வேண்டாம். வளையத்து ஓரம் சுத்தி அமுக்கி ரத்த ஓட்டத்தக் கெடுக்கும். சிவந்த இடத்துல தேய்ச்சும் விடக்கூடாது

பாலு சித்தப்பா: காய்ச்சலே இல்லன்னு சொன்னாங்களே ஹோம்ல

சுதா அக்கா: வயசானவங்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே செப்சிஸ் வரும், உடம்பு சில்லுனுகூட ஆகும். திடீர்க் குழப்பம், மூச்சு நிமிஷத்துக்கு 22ஓ அதுக்கு மேலயோ, மேல் பிரஷர் 100ஓ அதுக்குக் கீழயோ, இதத்தான் பாத்திருக்கணும். யூரின் டியூப் இருந்துச்சா?

மாலா: ஆமா. பை தரையில கிடந்துச்சு, போட்டோ இருக்கு

சுதா அக்கா: அழிச்சிடாத. ரத்தம், யூரின், புண் மூணோட கல்ச்சர் ரிப்போர்ட்டும், அதாவது என்ன கிருமின்னு வளத்துப் பாக்கற டெஸ்ட், வாங்கு. தொற்று எங்கேருந்து ஆரம்பிச்சதுன்னு அதுல பிடிபடலாம்

முரளி: அந்த இடம் வேணாம்னு அப்பவே சொன்னேன்

கீதா: சொன்னீங்க. நான் வச்சுப் பாத்துக்கறேன்னு சொல்லல

பாலு சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

சேகர் மாப்பிள்ளை: ஹோம்ல போய் யாரும் கத்த வேணாம். எழுத்துல மனு குடுத்து நகல் கேளுங்க. சேத்த அன்னைக்கு எழுதின தோல் பரிசோதனை, திருப்பின சார்ட், எடை, நர்ஸ் குறிப்பு, ட்யூட்டி லிஸ்ட். மனு கிடைச்சதுன்னு தேதியோட கையெழுத்தும் வாங்குங்க. வந்தப்ப புண் இல்லன்னு அவங்க தாள்லயே இருந்தா நமக்கு பெரிய பலம்

சுதா அக்கா: சார்ட்ல 2, 4, 6னு பிசகாம, ஒரே பேனாவுல, ஒரே கையெழுத்துல இருந்தா உக்காந்து ஒரேடியா நிரப்பினதா இருக்கலாம். ஆம்புலன்ஸ் ஏறின நேரத்துக்கு அப்புறமும் திருப்பினதா இருக்கான்னு பாரு

பாலு சித்தப்பா: மேனேஜர் பேசினார். பாக்கிக் கட்டணத்த விட்டுடறாராம். ஒரு தாள்ல கையெழுத்து மட்டும் கேக்கறார்

சேகர் மாப்பிள்ளை: போடாதீங்க. இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்னு அதுல ஒரு வரி இருக்கும்

பாலு சித்தப்பா: நல்ல மனுஷன்பா

கீதா: சித்தப்பா!!!

சேகர் மாப்பிள்ளை: உரிமம் குடுக்கற அதிகாரிகிட்ட புகார் குடுத்தா ஆய்வு நடக்கும், ஆனா நஷ்டஈடு அதுல வராது. அதுக்குத் தனி வழக்கு. பாத்துக்கற கடமை இருந்தது, தவறினாங்க, அதனாலதான் புண்ணும் தொற்றும்னு காட்டணும். கடைசிதான் கஷ்டம். சுகர், வயசுன்னு அவங்க சொல்வாங்க, அதனால வேற டாக்டர் கருத்து வேணும். போலீஸ்ல குடுக்கலாம், அலட்சியம் ரொம்ப மோசமா இருந்தாத்தான் நிக்கும். காலக்கெடு இருக்கு, வழக்கைப் பொறுத்து மாறும், தள்ளிப் போடாதீங்க. சேத்தப்ப போட்ட ஒப்பந்தத்துல தகராறு கோர்ட்டுக்குப் போகாம நடுவர்கிட்டதான் போகணும்னு ஷரத்து இருக்கா பாருங்க

முரளி: யார் பேர்ல?

சேகர் மாப்பிள்ளை: பெரியம்மா தெளிவா இருந்தா அவங்க கையெழுத்து. இல்லன்னா அவங்களுக்காகக் கையெழுத்துப் போடற அதிகாரப் பத்திரம் (பவர்) யார்கிட்ட?

கீதா: பாலு சித்தப்பாகிட்ட. வீட்ட விக்க எழுதி வாங்கினது

பாலு சித்தப்பா: அது வேற விஷயம்

சேகர் மாப்பிள்ளை: வீட்டுக்கு மட்டும்னா இதுக்கு உதவாது. போட்டோ அனுப்புங்க

பாலு சித்தப்பா: பீரோ சாவி உங்க சித்திகிட்ட

மாலா: காது மெஷின் ஹோம்லயே இருக்கு

சுதா அக்கா: உடனே எடுங்க. காது கேக்காம முழிச்சா டாக்டர் குழப்பம்னு எழுதிடுவார்

முரளி: நான் போறேன்

கீதா: மனுவோட போங்க

பாலு சித்தப்பா: மனு நாளைக்குப் பேசிக்கலாமே

கீதா: இன்னைக்கு

சுதா அக்கா: மாலா, கட்டு மாத்தறப்ப அனுமதி கேட்டுட்டு போட்டோ எடு. பக்கத்துல ஸ்கேல் வை, தேதி தெரியணும்

மாலா: ஸ்கேலுக்கு எங்க போறது