9 மாதப் பாப்பா, 2 மாதமாக எடை ஏறவில்லை

மேலூர் பொண்ணு:
மகளுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. 7-ம் மாதத்தில் 6.8 கிலோ இருந்தாள். நேற்று அங்கன்வாடியில் எடை போட்டால் 6.9தான். டீச்சர் எடை குறிக்கிற வளர்ச்சி அட்டையைப் பார்த்து, "பச்சையிலதான் இருக்கா, பயப்படாதே" என்கிறார். பச்சை என்றால் வயதுக்கேற்ற எடையாம். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறாள். அத்தை காலையில் அரிசிக் கஞ்சியும் சாயங்காலம் பாலில் ஊறவைத்த பிஸ்கட்டும் கொடுக்கிறார். கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறார். பக்கத்து வீட்டு அக்கா டின் பவுடர் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா, இல்லை பச்சையில் இருப்பதால் இப்படியே விடலாமா?

கொட்டாம்பட்டி அம்மாச்சி:
அப்படியே விட்டுவிடாதே தாயி. 1980-ல் உலக வங்கி உதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை முதலில் எங்கள் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் தொடங்கினார்கள். அதில் வேலை பார்த்தவள் நான். 6 மாதத்திலிருந்து 3 வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவோம். பார்க்க நன்றாக இருக்கிற பிள்ளையாக இருந்தாலும், எடை ஏறாமல் நின்றுவிட்டால் சத்து லட்டு கொடுக்க ஆரம்பித்துவிடுவோம். மெலிந்த பிறகு தேற்றுவது பெரும்பாடு.

உன் அட்டையிலும் பச்சையை மட்டும் பார்க்காதே, எடைக் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று பார். இந்த 2 மாதத்தில் கிட்டத்தட்ட அரைக் கிலோ ஏறியிருக்க வேண்டும். ஏறியது 100 கிராம்.

அந்தக் கஞ்சிதான் எனக்கு உறுத்துகிறது. 7 கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணிக் கஞ்சியே அடைத்துக்கொண்டால் சத்துக்கு இடம் ஏது? குழைந்த சோறு, வெந்த பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் நெய் அல்லது நல்லெண்ணெய் சேர்த்துக் கையால் மசி. மிக்ஸியில் அடிக்காதே. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினால் சிக்காது. அரைக் கிண்ணம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. நடுவில் வாழைப்பழம். கீரையைத் தினமும் ஏதாவது ஒரு வேளை சேர்த்து மசி, முருங்கைக் கீரை ரொம்ப நல்லது. தாய்ப்பாலை நிறுத்தாதே.

டின் பவுடர் வேண்டவே வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்கு. ஆமாம், அங்கன்வாடியில் தருகிற சத்துமாவு என்ன ஆகிறது? நிறைய வீடுகளில் அது பெரியவர்களுக்கு உருண்டையாகிவிடுகிறது, சில வீடுகளில் ஆட்டுக்குக்கூடப் போகிறது. அது உன் பிள்ளையின் பங்கு. கெட்டியாகக் கிண்டி அவளுக்கே கொடு.

அத்தையோடு மல்லுக்கு நிற்காதே. அடுத்த மாதம் எடை போடும்போது அவரையும் கூட்டிப் போய் அட்டையைக் காட்டு.

உசிலம்பட்டி நர்ஸ்:
அம்மாச்சி சொன்னது சரி. நான் கிராம சுகாதார செவிலியர். 9 மாதத் தடுப்பூசி போட்டாச்சா? அதோடு வைட்டமின் ஏ சொட்டு மருந்து 1 லட்சம் யூனிட் கொடுப்பார்கள், விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து சிரப் 1 மில்லி, வாரம் இரண்டு முறை. மேல்கையின் நடுச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கினாலோ, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இப்படியெல்லாம் ஊட்டியும் ஒரு மாதத்தில் எடை ஏறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரில் கிருமி இருந்தாலும் எடை இப்படி நின்றுவிடும்.

மேலூர் பொண்ணு:
ரொம்ப நன்றி அம்மாச்சி, நன்றி சிஸ்டர். தடுப்பூசி வருகிற புதன்கிழமை போடணும், வைட்டமின் சொட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். முட்டையில் மஞ்சள் கரு மட்டும் கொடுக்கணுமா? வெள்ளைக் கரு ஒத்துக்காது என்கிறார் அத்தை.

கொட்டாம்பட்டி அம்மாச்சி:
இரண்டுமே கொடுக்கலாம். நன்றாக வேகவைத்து, முதலில் கால் முட்டை கொடுத்துப் பார். தடிப்பு, வாந்தி எதுவும் இல்லையென்றால் சில நாளில் முழு முட்டைக்கு வந்துவிடலாம். தேனை மட்டும் ஒரு வயது முடியும்வரை நாக்கில் வைக்காதே, அதில் இருக்கிற ஒரு கிருமியைப் பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது.