புதுப்பிப்பு: மெட்ரோ எக்ஸோடஸ் சிலந்தி பங்கரைத் தாண்டிவிட்டேன்

மெட்ரோ எக்ஸோடஸ் வீடியோ கேமில், காஸ்பியன் பாலைவனப் பகுதியின் நிலத்தடி பங்கரில் (பதுங்கு அறை) சிலந்திகளிடம் திரும்பத் திரும்பச் சாகிறேன், தோட்டாவும் தீர்ந்துவிட்டது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "சுடாதீங்க, டார்ச்சை அதுமேலயே பிடிங்க" என்ற யோசனைதான் வேலை செய்தது. வெளிச்சம் பட்டதும் சிலந்தி துடித்துப்போய் இருட்டுக்குள் ஓடுகிறது, வழியை அடைத்த வலையை லைட்டரால் எரித்துவிடலாம். எதிர்பாராத விஷயம், டார்ச் மெல்ல மங்கிவிடும்: கைச் சார்ஜரை அழுத்திக்கொண்டே நடக்க வேண்டும், அந்த நொடிகளில்தான் எனக்கு உண்மையான பயமே வந்தது. அப்புறம், சாதாரணத் தோட்டாக்களை வொர்க்பெஞ்சில் (பொருள் செய்யும் மேசை) மட்டுமே செய்ய முடியும், முதுகுப்பையை வைத்து மருந்து, முகமூடி ஃபில்டர் மாதிரியானவற்றைத்தான் செய்யலாம், அதனால் கிளம்பும் முன்பே செய்துகொள்ளுங்கள். பெரிய குறை, விளையாடும்போது நாம் இயக்கும் நாயகன் அர்த்யோம் வாயே திறக்காதது. ரயிலில் அவன் மனைவி அன்னா அவ்வளவு நெருக்கமாகப் பேசும்போது அது உறுத்துகிறது.