முதல் ஸ்டீல்ஹெட் பயணம்: கைடு பிடித்த கதைகள்

தாமிரபரணிக்காரன் (சியாட்டில்)

நாலரைக் கிலோ ஸ்டீல்ஹெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நான் நிற்கிற படம் ஒன்று என் போனில் இருக்கிறது. மூன்று வருடமாக யாருக்கும் காட்டியதில்லை. அந்த மீனை நான் பிடிக்கவில்லை.

முதல் தடவை ஸ்டீல்ஹெட் பிடிக்கப் போகப்போகிறேன், கைடை (காசு வாங்கிக்கொண்டு ஆற்றுக்குக் கூட்டிப்போய் மீன்பிடிக்க வைப்பவரை) எப்படிப் பார்த்துப் பிடிப்பது என்று போர்ட்லாண்டு நண்பர் கேட்டிருந்தார். அதற்காகத்தான் இந்த வெட்கக்கேட்டை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ டிரவுட்டும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். இது பிழைத்துக் கடலுக்கே திரும்பி, மறுபடி வரவும் கூடும். ஆயிரம் தடவை வீசினால் ஒரு மீன் என்று இங்கே சொல்வார்கள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

நான் போனது வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஃபோர்க்ஸ். ஆண்டுக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை கொட்டுகிற சின்ன ஊர். சுற்றிலும் ஹோ, போகசீல், கலவா, சோல் டக் என்று ஆறுகள். குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்கு எல்லோரும் அங்கேதான் போவார்கள் என்றார்கள், நானும் போனேன்.

கைடை எப்படித் தேர்ந்தெடுத்தேன்? படம் பார்த்து. அவர் இணையப் பக்கத்தில் தினம் ஒரு மீன், ஒரு சிரித்த முகம். போனில் நாலு நிமிடம் பேசினார். மீன் கிடைக்குமா என்றேன், நூற்றுக்கு நூறு என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி கார்டு நம்பர்.

போன அன்று ஆறு பால் ஊற்றின டீ மாதிரி ஓடியது. முந்தின இரவு நல்ல மழை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, படகை இறக்கினார். நானும் நண்பரும் மாற்றி மாற்றி வீசினோம்; தூண்டில் நரம்பு சிக்கும், அவர் பெருமூச்சு விடுவார், பிரிப்பார். பதினொரு மணி வாக்கில் தூண்டிலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். கரையோரம் மரம் விழுந்து கிடந்த ஆழமான ஒரு கசம். மூன்றாவது வீச்சில் தக்கை அமுங்கியது. சுண்டி இழுத்து, முள் ஏறியதை உறுதி செய்துகொண்டு, தூண்டிலை என் கையில் திணித்து, சுற்று சுற்று என்றார். சுற்றினேன். இழுத்துக் கூழாங்கல் கரையில் போட்டார். அது கல்லில் துள்ளி அடிக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தூக்கு, சிரி, படம்.

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்ட மீனுக்கு அதை வெட்டியிருப்பார்கள். இதற்கு முழுசாக இருந்தது. அப்படியென்றால் ஆற்றிலேயே பிறந்த மீன், விட்டுவிட வேண்டும். விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரை விட்டு முழுதாக வெளியே தூக்குவதே இந்த மாநிலத்தில் சட்டப்படி தப்பு. எனக்கு அன்றைக்கு இது தெரியாது. அவருக்குத் தெரியும்.

அடுத்த வருடம் வேறொருவர். இவர் பக்கத்தில் படங்கள் குறைவு, இருந்தவற்றிலும் மீன் பாதி தண்ணீருக்குள் இருந்தது. போனை எடுத்ததும் கேள்வி மேல் கேள்வி. வயசு என்ன, முழங்கால் எப்படி, கண்ணாடி போடுவீர்களா, நீச்சல் தெரியுமா, இடுப்பளவு ஓடுகிற தண்ணீரில் நின்றிருக்கிறீர்களா. நான் ஆற்றில் குளித்து வளர்ந்தவன் என்று ஜம்பமாகச் சொன்னேன். அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும் என்றார். வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் ஒரு கேள்வி: “உங்களுக்கு மீன் வேண்டுமா, மீன்பிடிக்கத் தெரிய வேண்டுமா? இரண்டும் ஒரே நாளில் நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

இரண்டு நாள் முன்னால் அவரே கூப்பிட்டார். ஹோ பனியாற்றிலிருந்து வருவது, கலங்கினால் தெளிய நாளாகும், அங்கே போக வேண்டாம். சோல் டக் சீக்கிரம் தெளியும், ஒரு நாள் தள்ளி வாருங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். 2020 டிசம்பரிலிருந்து இங்குள்ள கடலோர ஆறுகளில் குளிர்கால விதிகள் இறுகிவிட்டன. இரை போடக் கூடாது. பல இடங்களில் படகில் உட்கார்ந்தபடி மீன்பிடிக்கவும் கூடாது; படகு இடம் விட்டு இடம் போகத்தான், இறங்கி நின்றுதான் வீச வேண்டும். வருடத்துக்கு வருடம் மாறும். முழங்காலைப் பற்றி ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்று முதல் அரை மணி நேரம் முள்ளே கட்டவில்லை. வெறும் தக்கை, ஈயக்குண்டு. ஆற்றின் மேல்தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் மெதுவாக ஓடும். மேலே கிடக்கிற நரம்பு வில் மாதிரி வளைந்து தக்கையை இழுத்துக்கொண்டு போய்விடும். கீழே இருக்கிற முள் மீன் முன்னால் ஓட்டப்பந்தயம் ஓடும். அதனால் தூண்டில் நுனியால் நரம்பைத் தூக்கித் தண்ணீர் வருகிற பக்கம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதில் குறுக்குத்துறைப் படித்துறையில் கெண்டைக்கு உட்கார்ந்தபோது தக்கை அசைகிறதா என்று பார்த்தால் போதும். இங்கே தக்கை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று மணிக்கு ஒரே ஒரு தடவை தக்கை போனது. தலையை இரண்டு உலுக்கு உலுக்கியது, போய்விட்டது. அன்றைய கணக்குப் பூஜ்யம். அடுத்த வருடத்துக்கும் அவரிடமே தேதி சொல்லிவிட்டு வந்தேன்.

ஏரிக்கரை (கிளீவ்லாண்டு)

தூண்டிலைக் கையில் கொடுப்பதை அப்படி ஒரேயடியாகத் திட்டாதீர்கள். என் பையனுக்கு ஒன்பது வயது. அவனைக் கூட்டிக்கொண்டு போன அன்று கைடுதான் மீனை மாட்டிக் கொடுத்தார். அவன் இன்றுவரை அதைத் தானே பிடித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அவர் அதற்கு முன்பே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். உங்களவர் கேட்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

எங்கள் ஊர் ஸ்டீல்ஹெட் கடலையே பார்த்ததில்லை. குஞ்சுகளை அரசு ஆற்றில் விடும்; அது ஈரி ஏரிக்குப் போய்க் கொழுத்து, இலையுதிர் காலத்தில் திரும்பும். இதெல்லாம் ஸ்டீல்ஹெட்டே இல்லை என்று மேற்குக் கரைக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆறுகளும் சின்னவை. ராக்கி, ஷாக்ரின், கிராண்ட், கானியாட். பெரும்பாலும் நடந்தே பிடிக்கலாம். ஆபத்து வேறே: அடியில் பலகை பலகையாகப் பாறை, அதன் மேல் பாசி. கோயில் குளத்துப் படிக்கட்டில் கால் வைத்ததுபோல்தான். என் முதல் கைடு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரப்பர் அடி பூட்ஸோடு போய் நின்றேன். ஒன்பதரைக்கு விழுந்தேன், வேடர்ஸுக்குள் தண்ணீர். (கண்ணப்ப நாயனார் சாதி வேடர் இல்லை, கால்சட்டையும் சாக்ஸும் ஒன்றாகத் தைத்த அந்த ரப்பர் அங்கி.) அவரோ இருபதடி தள்ளி நின்று தான் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். காசு வாங்கின கைடு நல்ல இடத்தில் நின்று தானே வீசுகிறாரா என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். நேராகக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது நான் யாரிடமும் கேட்பது ஒரே கேள்வி: முந்தின நாள் மழை பெய்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்? தெரிந்தவர் உடனே வரிசை சொல்வார். சின்ன ஓடைகள் முதலில் தெளியும், பிறகு இன்னது, கிராண்ட் கடைசி என்று. தெரியாதவர், அதெல்லாம் பார்த்துக்கலாம் என்பார்.

சும்மா பார்ப்பவன்

படத்தைப் போடுங்க சார், மீன் முகத்தையாவது பார்ப்போம்.

தாமிரபரணிக்காரன் (சியாட்டில்)

மாட்டேன்.

மதுரைப் பொண்ணு (நியூ ஜெர்சி)

எல்லோரும் ஆண்களாகவே எழுதுகிறீர்கள், என் பங்கையும் வைக்கிறேன்.

நவம்பர் மாதம், நியூயார்க் மாநிலத்தில் புலாஸ்கி. ஆற்றுக்குப் பெயர் சால்மன் ஆறு. ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஸ்டீல்ஹெட் ஏறுகிற இடம். பதிவு செய்தது நான், பணம் கட்டியது நான், மீன்பிடிக்க ஆசைப்பட்டதும் நான்தான். என் கணவர் துணைக்கு வந்தவர். கைடு காலை ஆறு மணியிலிருந்து அவரிடமே பேசினார். முடிச்சு எப்படிப் போடுவது என்று அவருக்குக் காட்டினார். இவர் பாவம், “அவங்ககிட்ட சொல்லுங்க” என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார்.

வேடர்ஸும் பூட்ஸும் எங்களிடமே இருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார். இருந்தது, ஆண்கள் பத்தாம் நம்பர். என் கால் அதற்குள் அண்டாவுக்குள் விழுந்த கரண்டி மாதிரி ஆடியது. ஓடுகிற தண்ணீரில் பூட்ஸ் ஒரு பக்கம் போகிறது, கால் ஒரு பக்கம் போகிறது. பயத்தில் முழங்காலுக்கு மேல் இறங்கவே இல்லை. அவர், லேடீஸுக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டம்தான் என்றார். லேடீஸுக்கு இல்லை ஐயா, பத்தாம் நம்பருக்கு.

இரண்டாவது தடவை வேறு ஒருவரிடம் போகும்போது எல்லாவற்றையும் கூச்சப்படாமல் கேட்டேன். என் அளவு பூட்ஸ் இருக்கிறதா? எட்டு மணி நேரம் ஆற்றில் நின்றால் நான் பாத்ரூமுக்கு எங்கே போவது? அவர் சிரிக்கவில்லை. எந்தெந்தக் கார் நிறுத்தத்தில் இருக்கிறது, அதை வைத்து எங்கே தொடங்கி எங்கே முடிப்போம் என்று திட்டத்தையே மாற்றிச் சொன்னார். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஆற்றுக்கு மேலே அணை இருக்கிறது, மின்சாரத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். மேட்டூரில் இத்தனை கன அடி திறப்பு என்று செய்தியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இன்று விநாடிக்கு எத்தனை கன அடி, அந்த அளவில் எனக்குக் கால் நிற்குமா என்று கேளுங்கள். இன்னொன்று, நியூயார்க்கில் கைடுக்கு மாநில உரிமம் உண்டு, அதற்கான வில்லையை வேலை நேரத்தில் வெளியே தெரிகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும். என் முதல் கைடு மாட்டியிருந்தாரா? நான் பார்க்கவே இல்லை.

பண்ணைக் கடல் (ஸ்காபரோ)

நான் காசு குடுத்த கைடுவோடு போகவில்லை முதலில். எங்கட சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன், “அண்ணை, எனக்கு எல்லா இடமும் தெரியும், ஏன் வீண் காசு” என்றான். ஏப்ரல் நாலாவது சனிக்கிழமை, இங்கே கனடாவில் எங்கட பக்கம் மீன்பிடி சீசன் திறக்கிற நாள். போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆறு. விடிய நாலு மணிக்கே கரையில் தோளோடு தோள் சனம். நல்லூர்த் தேர் மாதிரி. நான் வீச, பக்கத்து வெள்ளைக்காரர் நரம்பில் சிக்க, அவர் ஏச, பெடியன் அவரோடு சண்டைக்குப் போக, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். வழியில் டிம் ஹார்ட்டன்ஸில் கோப்பி குடித்ததுதான் மிச்சம்.

அடுத்த முறை காசு குடுத்தே போனேன். ஒரு இடத்தில் தண்ணீர் முழங்கால் ஆழம்தான், கூழாங்கல்லுக்கு மேலே இரண்டு பெரிய மீன் வடிவாகத் தெரியுது. நான் தூண்டிலைத் தூக்கினேன். கைடு என் கையைப் பிடித்துவிட்டார். சுற்றியிருந்த கல்லெல்லாம் பாசி படிந்து கறுப்பு, அந்த ஒரு பாய் அளவு இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெள்ளை. வாலால் அடித்துக் குழி பறித்து முட்டை போடுகிற இடமாம். அதில் தூண்டில் போடவும் கூடாது, காலை வைக்கவும் கூடாது, சுற்றித்தான் நடக்க வேண்டும் என்றார். எனக்கு அந்த நேரம் கோபம்தான் வந்தது. கண்ணுக்கு முன்னால் மீன் நிற்குது, காசும் குடுத்தாச்சு. கீழே ஒரு மடுவில் பின்னேரம் ஒன்று கிடைத்தது, சின்னது.

ஓம், கறி வைக்கலாமா என்பதையும் முதலே கதைத்துவிடுங்கள். சில கைடுகள் தங்கட படகில் எல்லா மீனையும் விடத்தான் வேண்டும் என்பார்கள். மனிசி சட்டியைக் கழுவி வைத்துக் காத்திருந்தது என் வீட்டில்.

புதுசு (போர்ட்லாண்டு)

கேள்வி கேட்டவன் நான்தான். எல்லோருக்கும் நன்றி. மூன்று பேரைக் கூப்பிட்டேன். ஒரிகனில் கைடு வேலை செய்பவர்கள் மாநில மரைன் போர்டில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பட்டியலில் ஒருவர் பெயரைக் காணோம். அவரை விட்டுவிட்டேன். இன்னொருவர் மீன் உறுதி என்றார், தாமிரபரணி சார் ஞாபகம் வந்தது. மூன்றாமவர் நான் பேச ஆரம்பிக்கும் முன்னே என் ஷூ அளவைக் கேட்டார். டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது?

தாமிரபரணிக்காரன் (சியாட்டில்)

நான் இருபது சதவீதம் கொடுத்தேன். மீன் கிடைக்காத நாளிலும் அதேதான். முன்பணம் கட்டும் முன், ஆறு கலங்கி அவர் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, தேதி மாறுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுசு (போர்ட்லாண்டு)

வாங்கிவிட்டேன். சனிக்கிழமை சாண்டி ஆற்றில் என்று முடிவாகியிருந்தது. இப்போதுதான் போன் வந்தது: மலையில் மழை சூடாகப் பெய்கிறது, தண்ணீர் ஏறுகிறது, சனிக்கிழமை வராதீர்கள், புதன்கிழமைக்குத் தெளிந்துவிடும். மேனேஜரிடம் புதன்கிழமைக்கு லீவு கேட்டு மெயில் போட்டுவிட்டேன். காரணம் என்ன எழுதுவது என்று தெரியாமல் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன்.