குத்தகைப் பணத்துக்கு வருமான வரி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அப்பாவால் இப்போது விவசாயம் பார்க்க முடியவில்லை, அதனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். குத்தகைதாரர் பெரும்பகுதியில் நெல் போடுகிறார். ரோட்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும் செங்கல், ஜல்லி இறக்கி வைத்து வியாபாரம் செய்கிறார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம், ஒரே தொகை.

வருமான வரிச் சட்டப்படி, விவசாயத்துக்குப் பயன்படும் நிலத்திலிருந்து வரும் குத்தகையும் விவசாய வருமானம்தான். நாமே உழ வேண்டும் என்றில்லை. அதற்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் செங்கல் அடுக்கிய இடத்தின் வாடகைக்கு அந்த விலக்கு கிடையாது. இதுவரை புரிகிறது.

ஒரே தொகையை எப்படிப் பிரித்துக் காட்டுவது? பரப்பளவு விகிதத்தில் பிரித்தால் ஏற்பார்களா, இல்லை தனித்தனி ஒப்பந்தம் போட்டுவிடுவதே நல்லதா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் பாதுகாப்பாகத் தெரிகிறது.

அப்பாவுக்கு வரி வரம்பைத் தாண்டிய பென்ஷனும் இருக்கிறது. விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் போனால் அதையும் சேர்த்துத்தான் வரி விகிதம் கணக்கிடுவார்கள், வருமான வரிக் கணக்குக்கான எளிய படிவமான ஐடிஆர் 1-ம் போட முடியாது. அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), குத்தகை ரசீது தவிர வேறென்ன ஆவணம் வைத்திருக்க வேண்டும்? இதே நிலையில் கணக்குத் தாக்கல் செய்தவர்கள், ஆடிட்டர்கள் யாராவது சொல்லுங்கள். அப்பா இதை நினைத்து ரொம்பக் கவலைப்படுகிறார்.