போர் தண்ணீரில் ஃப்ளோரைடு: என்ன ஃபில்டர் வாங்கலாம்?

வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். ஊருக்குள் ஒகேனக்கல் குடிநீர் வருகிறது, எங்களுக்கு இன்னும் இணைப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான்.

எட்டு வயது மகளுக்கு முளைத்திருக்கும் முன்பற்களில் குறுக்கே சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் லேசான பழுப்பு. சரியாகத் தேய்ப்பதில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன் (பாவம்). தண்ணீரில் ஃப்ளோரைடு கூடினாலும் பல் இப்படி ஆகும் என்று பல் டாக்டர்தான் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார். ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.8 மில்லிகிராம். இந்தியத் தர அளவு 1, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1,150.

கொதிக்க வைத்தால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அக்கா. கொதித்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் உதவாது என்று தெரிந்துகொண்டேன்.

மிச்சம் இரண்டு வழி: ஆர்ஓ, இல்லையென்றால் ஆக்டிவேட்டட் அலுமினா (ஃப்ளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் குருணை) ஃபில்டர். ஆர்ஓவில் ஒரு குடத்துக்கு இரண்டு மூன்று குடம் வீணாகுமே, இந்த வறட்சியில் மனசு வரவில்லை. அந்தக் கழிவு நீரைத் தென்னைக்கு விடலாமா? அலுமினாவை வீட்டில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், எங்கே கிடைக்கிறது?

அப்புறம், மழைநீரைத் தொட்டியில் பிடித்து ஆண்டு முழுக்கக் குடிக்கிறவர்கள் இருந்தால், நால்வருக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்றும் சொல்லுங்கள்.