கோ-லைவ் முடிந்தும் மூடாத எக்செல்: நீங்கள் பார்த்தது என்ன?

கிடங்கு_மாட்யூல்:
கோ-லைவ், அதாவது புது மென்பொருளுக்கு மாறுவது, முடிந்து 3-ஆம் நாள். சரக்கு இறங்கும் மேசையில் எஸ்ஏபி (நிறுவன நிர்வாக மென்பொருள்) திரை, அதற்குப் பக்கத்திலேயே பழைய எக்செல். லாரி வந்ததும் சரக்கு வரவு எக்செல்லில் ஏறுகிறது. சாயங்காலம் 6 மணிக்கு 40 வரியும் மிகோவில் (எஸ்ஏபியில் சரக்கு வரவைப் பதியும் திரை) ஒரே மூச்சில். அதுவரை சிஸ்டத்தில் இருப்பு பூஜ்யம். விற்பனைப் பிரிவு ஆர்டர் போட்டால் இருப்புச் சோதனை கையை விரிக்கிறது, சரக்கோ கண்ணெதிரே அடுக்கில் கிடக்கிறது. இரண்டே நாளில் எல்லோரும் சிஸ்டத்தை விட்டுவிட்டுக் கிடங்குக்கு போன் போடத் தொடங்கிவிட்டார்கள். ட்ரெய்னிங் வருகை நூற்றுக்கு நூறு. மனசுதான் மாறவில்லை.

ரோல்_மேப்பிங்:
மனசைக் குறை சொல்லுமுன் எஸ்யூ53 (எந்த அனுமதி இல்லாததால் வேலை நின்றது என்று காட்டும் எஸ்ஏபி திரை) பார்த்தீர்களா? இதே காட்சியில் அந்தத் திரை காட்டியது: 101 நகர்வு வகைக்கு (சரக்கு வரவுக்கான குறியீடு) அனுமதி இருக்கிறது, ஆனால் அந்த ஆலைக் குறியீட்டுக்கு இல்லை. யாருக்கு எந்த அனுமதி என்ற ரோல் பட்டியல் ஆறு மாதம் முன்பு எடுத்தது. நடுவில் ஆட்கள் ஆலை மாறிவிட்டார்கள். அனுமதி உள்ள ஒரே லாகின் சூப்பர்வைசருடையது, அவருக்கு நேரம் கிடைப்பது 6 மணிக்கு. அதனால்தான் 6 மணி! அனுமதியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கவும் முடியாது: கொள்முதல் ஆர்டர் போட்டவரே வரவும் போட்டால் தணிக்கையில் வேறு மாட்டும்.

பில்_சரிபார்ப்பு:
எங்கள் பக்கம் இது மாதக் கடைசியில் வெடிக்கும். வரவை வைத்துத்தான் பில் என்று ஆர்டரில் டிக் இருந்தால், வரவு ஏறாமல் மிரோவில் (சப்ளையர் பில்லைப் பதியும் திரை) பில் ஏறாது. சப்ளையர் கையெழுத்தான டெலிவரி சலானை நீட்டுகிறார், திரையில் ஒரு வரிகூட இல்லை. அவர் முகம் மறக்கவில்லை.

கட்ஓவர்_திட்டம்:
அனுமதி பாதிக் காரணம்தான். ட்ரெய்னிங் எப்போது நடந்தது? ஆறு வாரம் முன்பு என்றால் கை மறந்திருக்கும். இரண்டு வாரத்துக்குள் வையுங்கள். சாண்ட்பாக்ஸில் (பயிற்சிக்கான தனி சிஸ்டம்) 'டெஸ்ட் பொருள் 1' வேண்டாம், அவர்கள் தினமும் இறக்கும் பொருள், அதே சப்ளையர், அளவு குறைந்து வந்த ஒரு லோடு என்று கொடுங்கள். ஆட்கார் என்ற மாற்ற நிர்வாக மாதிரியில் ஜெஃப் ஹயட் 'அறிவு', 'திறன்' இரண்டையும் தனித்தனிப் படியாக வைத்தது இதற்காகத்தான். வருகைப் பதிவேடு திறனை அளக்காது.

அளக்க வேண்டியது ஒன்றே: வாயில் பதிவேட்டில் லாரி நுழைந்த நேரத்துக்கும் பொருள் ஆவணத்தின் உள்ளீட்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளி. பதிவுத் தேதியைப் பார்க்காதீர்கள், அதைப் பின்தேதியிட முடியும். இடைவெளி 2 மணி தாண்டினால் அன்றே மேசைக்குப் போங்கள்.

ஷிஃப்டுக்கு ஒரு கீ யூசர் (சக ஊழியர்களுக்குச் சொல்லித் தரும் தேர்ந்த ஆள்), இரவு ஷிஃப்டுக்கும் சேர்த்து. அவருடைய வழக்கமான வேலையில் பாதியை இன்னொருவருக்கு மாற்றாமல் பெயர் மட்டும் கொடுத்தால் பயனில்லை. கோ-லைவ் தேதியும் முக்கியம். அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 48 மாத வேலையை 30 மாதமாகச் சுருக்கி 1999 ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரத்தில், புது மென்பொருளுக்கு மாறியது. கையில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. கட்ஓவர் இரவே, அதாவது பழையதிலிருந்து புதியதற்கு மாறும் இரவே, பழைய எக்செல்லை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிடுங்கள்.

கிடங்கு_மாட்யூல்:
எஸ்யூ53 பார்த்தோம். ஆலைக் குறியீடேதான். மனசு என்று எழுதியது தவறு.

பிராசஸ்_வரைபடம்:
பூட்டுவதில் உடன்பாடில்லை. பூட்டிய மறுநாள் அது நோட்டுப் புத்தகமாகத் திரும்பி வந்ததுதான் இங்கே கண்டது. முதலில் எக்செல்லை நெடுவரிசை நெடுவரிசையாகப் படியுங்கள். அந்தக் கோப்பில் 11 நெடுவரிசை. 9-க்குப் புதுத் திரையில் இடம் இருந்தது. மீதி இரண்டு: லாரி எண், கிழிந்த மூட்டை எண்ணிக்கை. சப்ளையரிடம் விலையில் கழித்துக்கொள்ளக் கேட்க அந்த எண்ணிக்கைதான் ஆதாரம். கிழிந்ததைத் தடுக்கப்பட்ட இருப்பில் (பயன்படுத்தாமல் ஒதுக்கி வைக்கும் சரக்குக் கணக்கு) தனி வரியாகப் போட வைத்தோம், லாரி எண்ணை ஆவணத் தலைப்பு உரையில். அதற்குப் பிறகு கோப்பை யாரும் திறக்கவில்லை. பூட்டவே இல்லை.